மலைநகர் வரலாறு – 17: அரசு கட்டாத அரங்கம்

சென்ற அத்தியாயத்தில் அம்பிட்டிய மேட்டில் நின்றோம். பாப்பரசர் 13ஆம் சிங்கராயர் 1893இல் இந்தியத் துணைக்கண்டத்துக்கென அங்கே நிறுவிய குருத்துவக் கல்லூரி 1955இல் புனேக்குப் போனதையும், அது விட்டுப்போன இடத்தில் இலங்கைக்கென ஒரு தேசிய குருத்துவக் கல்லூரி எழுந்ததையும் பார்த்தோம். எதற்காக ஓர் இடம் உண்டாக்கப்பட்டதோ அதற்காகவே அது கடைசிவரை நிலைப்பதில்லை. அந்தப் பாடத்தைக் கையில் வைத்துக்கொண்டு இந்த முறை நகரத்தைக் குறுக்கே கடந்து, வடமேற்கு மேட்டில் அஸ்கிரி மகாவிகாரைக்குப் பக்கத்தில் மலையை வெட்டிச் சமன்செய்த ஒரு மைதானத்துக்குப் போவோம். அஸ்கிரிய மைதானம் ஒரு பாடசாலையின் சொத்து. பார்வையாளர் பத்தாயிரம் பேருக்குச் சற்று மேல் வந்தாலே நிரம்பிவிடும். 1983 முதல் 2007 வரை அங்கே நடந்த டெஸ்ட் போட்டிகள் வெறும் 21. இருந்தும் இலங்கையில் ‘தேசத்தின் மைதானம்’ என்று சொல்லத்தக்கது ஒன்று உண்டென்றால் அது இதுதான் என்பது என் வாதம். அந்தத் தகுதி அதற்கு எப்படி வந்தது? தேசத்துக்காக அது கட்டப்படவில்லை என்பதால்தான் வந்தது என்பேன்.

வாதம் விசித்திரமாகப் படலாம். உலகின் பேர்பெற்ற உதைபந்தாட்ட அரங்குகளை நினைப்பவர்களுக்கு அரசும் அரங்கும் கைகோத்தே வருவதாகத் தோன்றும். இலண்டனின் வெம்ப்ளி, பிரித்தானியப் பேரரசின் கண்காட்சிக்காகக் கட்டப்பட்டது. ‘பேரரசு அரங்கம்’ என்றே முதலில் அதற்குப் பெயர். ஆனால் ஆங்கிலேயர் நினைவில் நிற்பது 1924இல் நடந்த அந்தக் கண்காட்சி அல்ல. அதற்கு ஓராண்டு முன்னர், 1923 ஏப்ரல் 28ஆம் நாள், இடம்கொள்ளாமல் வழிந்து மைதானத்துக்குள்ளேயே புகுந்த கூட்டத்தை ஒரு பொலிஸ்காரர் தம் வெள்ளைக் குதிரையில் வந்து ஒதுக்கிய இறுதியாட்டம்தான் நிற்கிறது. ரியோ டி ஜெனிரோவின் மரக்கானாவை 1950 உலகக் கிண்ணத்துக்காகப் பிரேசில் கட்டி எழுப்பியது வெற்றி விழாவுக்காக. அந்த அரங்கைப் பிரேசிலின் மனத்தில் பதித்ததோ அவ்வாண்டு ஜூலை 16இல் உருகுவேயிடம் 2–1 என்று தோற்ற அந்தப் பிற்பகல். பின்னாளில் அதற்கு மாரியோ ஃபில்யோ என்ற பத்திரிகையாளரின் பெயரை முறைப்படி சூட்டினார்கள். மக்கள் இன்றும் மரக்கானா என்றே சொல்கிறார்கள். அரசு கட்டிய அரங்குகளில்கூட அரசு திட்டமிடாதவையே தேசத்தின் பங்காக மிஞ்சியிருக்கின்றன. அஸ்கிரியவில் திட்டமே கிடையாது. அதனால் அங்கே என்ன நடந்தது என்பதைத் தெளிவாகப் பார்க்க முடிகிறது.

கதையை அஸ்கிரியவில் தொடங்கக்கூடாது. போகம்பறையில் தொடங்க வேண்டும். கண்டி மன்னர் காலத்துப் போகம்பறைக் குளத்தைப் பிரித்தானியர் தூர்த்தபின் கிடைத்த வெளி அது. எஹெலபொல குமாரிஹாமி 1814இல் மூழ்கடிக்கப்பட்டது அந்தக் குளத்தில்தான் என்பதை இத்தொடரின் முந்தைய பகுதிகளைப் படித்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 1891இல் பெவிலியன் வீதியில் ஒரு சிறு பாடசாலையைத் தொடங்கிய பறங்கி ஆசிரியர் லூயி எட்மண்ட் பிளேஸ், தம் மாணவர்களுக்கு ரக்பியைப் பழக்கினார். அவரே திரித்துவக் கல்லூரியின் பழைய மாணவர். வரலாற்று நூல் எழுதியவர். அந்தப் பாடசாலைதான் கிங்ஸ்வூட் கல்லூரி. 1906 ஆகஸ்ட் 11ஆம் நாள் போகம்பறையில் கிங்ஸ்வூட்டும் திரித்துவமும் மோதின. இலங்கையில் பாடசாலைகளுக்கிடையே நடந்த முதல் ரக்பி ஆட்டம் அது. 6–6 என்று சமநிலையில் முடிந்தது. யாரும் வெல்லாத அந்த ஆட்டத்தை இன்றும் இரு பாடசாலைகளும் பெருமையோடு சொல்லிக்கொள்கின்றன. நான் இங்கே கவனிக்கச் சொல்வது ஒன்றைத்தான்: கண்டியில் விளையாட்டு வேரூன்றியது படைமுகாமிலோ துரைமாரின் கழகத்திலோ மட்டும் அல்ல. சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், பறங்கியர் என எல்லா வீட்டுப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் இருந்து படித்த வகுப்பறைகளின் வழியாகவும் வேரூன்றியது.

திரித்துவத்தின் அதிபராக 1904இல் வந்த அலெக்சாண்டர் கார்டன் ஃபிரேசர், ஆங்கிலிக்கன் மிஷனரி. பேரரசின் மனிதர்தான், அதில் ஐயமில்லை. ஆனால் பாடசாலையில் பிள்ளைகளின் தாய்மொழிகளுக்கு இடம்கொடுக்க வேண்டும் என்று வாதாடி அதைச் செய்தும் காட்டியவர். சுதேச மொழி பேசினால் தண்டனை என்ற வழக்கம் பல மிஷன் பாடசாலைகளில் இருந்த காலம் அது. பின்னாளில் இதே பிடிவாதத்தோடு மேற்கு ஆபிரிக்காவின் கோல்ட் கோஸ்ட்டுக்குப் போய் அச்சிமோட்டா கல்லூரியின் முதல் அதிபரானார். இன்றைய கானாவின் தலைவர்கள் பலர் அங்கே படித்தவர்கள். கண்டியில் சமதரை அரிது. எங்கே பார்த்தாலும் சரிவு, சரிவுக்கு மேல் இன்னொரு சரிவு. அதனால் திரித்துவத்துக்கு ஒரு முழு மைதானம் வேண்டுமென்றால் மலையை வெட்டித்தான் ஆக வேண்டும். அப்படி வெட்டிய மண்ணை ஒருபுறம் கொட்டிச் சமப்படுத்திய படிக்கட்டு போன்ற நிலத்தை 1915இல் தேசாதிபதி சேர் ரொபர்ட் சால்மர்ஸ் திறந்துவைத்தார். இன்றும் மைதானத்தின் ஒரு பக்கம் சுவர் போல எழுகிறது, மறுபக்கம் சரிந்து இறங்குகிறது. பாதை ஒடுக்கம். பிற்பகலில் மலைகளுக்குப் பின்னாலிருந்து மேகம் கவிந்தால் அரைமணி நேரத்தில் மழை. உலகத் தரத்துக்கு மைதானம் அமைப்பவர் எவரும் இப்படி ஓர் இடத்தைத் தெரிவுசெய்யமாட்டார்.

1915 என்ற ஆண்டை மேலோட்டமாகக் கடந்துபோக முடியாது. அவ்வாண்டு மே 28ஆம் நாள் வெசாக் இரவில் கண்டி நகரின் காசல் ஹில் வீதியில் தொடங்கிய சிங்கள–முஸ்லிம் மோதல், சில நாட்களில் தீவின் பல பாகங்களுக்கும் பரவியது. இராணுவச் சட்டம் வந்தது. சுட்டுக்கொல்லப்பட்டவர்களும் தூக்கிலிடப்பட்டவர்களும் உண்டு. அடக்குமுறையைக் கையாண்ட விதத்துக்காகச் சால்மர்ஸ் அவ்வாண்டு முடிவதற்குள் திரும்ப அழைக்கப்பட்டார். மைதானத்தைத் திறந்துவைத்தவரும் கலவரத்தில் பதவியிழந்தவரும் ஒரே ஆள். இரண்டும் ஒரே நகரம், ஒரே ஆண்டு. ‘கண்டியின் பாடசாலை மைதானங்கள் இனங்களை இணைத்தன’ என்று யாராவது சுலபமாக எழுதினால் இந்த ஆண்டை அவர்முன் வைக்கலாம். மைதானம் கலவரத்தைத் தடுக்கவில்லை. தடுக்கும் சக்தி அதற்கு என்றுமே இருந்ததில்லை. நான் சொல்வது அதைவிடச் சிறிய விடயம். சிறியது என்பதால்தான் அதை நிறுவ முடியும். அரசின் சட்டமும் தெருவின் வன்முறையும் மனிதர்களைப் பிரித்துக்கொண்டே இருந்த ஒரு நாட்டில், ஆண்டுதோறும் ஒரே அட்டவணையில் எல்லாரும் கூடும் பழக்கம் ஒன்றை இந்த நிலம் காப்பாற்றி வைத்திருந்தது.

சட்டம் பிரித்ததை இங்கே நினைவூட்ட வேண்டும். சுதந்திரம் வந்த அதே 1948இல் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போனது. 1964 அக்டோபர் 30இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம், 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று மூட்டை பிரிப்பதுபோல் மனிதர்களைப் பிரித்தது. எஞ்சிய 150,000 பேரை 1974இல் பாதிப்பாதியாகப் பங்கிட்டார்கள். இந்தக் கணக்கு முற்றாக முடிவுக்கு வர 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கண்டியைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து ஒப்பந்தத்தைத் தொடர்ந்த ஆண்டுகளில் குடும்பம் குடும்பமாகத் தலைமன்னார்க் கப்பலுக்குப் போனார்கள். எந்த இலாகாவின் பதிவேட்டில் யார் இந்நாட்டவர், யார் அந்நியர் என்று எழுதிக்கொண்டிருந்தார்களோ, அந்தப் பதிவேட்டுக்கு வெளியே கிரிக்கெட்டின் ஓட்டக் கணக்குப் புத்தகம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அதில் பெயர் எழுத யாரும் பத்திரம் கேட்கவில்லை.

இந்த மைதானத்துக்கு அரசு வந்து சேர்ந்தது 1980களில்தான். 1981 ஜூலையில் இலங்கைக்கு டெஸ்ட் தகுதி கிடைத்தது. அதற்குப் பாடுபட்டவர்களில் முதன்மையானவர் கிரிக்கெட் சபைத் தலைவராயிருந்த அமைச்சர் காமினி திசாநாயக்க. திரித்துவத்தின் பழைய மாணவர். அஸ்கிரிய டெஸ்ட் மைதானமாக உயர்ந்ததில் அவர் கை உண்டு. ஆனால் டெஸ்ட் தகுதி கிடைப்பதற்கு ஏழு வாரம் முன்னர் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்ட இரவில் அந்த நகரில் இருந்த அமைச்சர்களில் ஒருவரும் அவரே. தேசத்தின் முதல் டெஸ்ட் போட்டி 1982 பெப்ரவரியில் கொழும்பில், தமிழ் யூனியன் கழகத்தின் மைதானத்தில் நடந்தது. அந்த மைதானம் தாங்கியிருப்பது பி. சரவணமுத்து என்ற தமிழரின் பெயரை. இப்படி ஒன்றையொன்று வெட்டும் உண்மைகளை ஒரே பந்தியில் எழுத வேண்டியிருப்பதுதான் இலங்கை விளையாட்டு வரலாற்றின் சங்கடம். இதில் ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுகிறவர்கள் இரு பக்கத்திலும் இருக்கிறார்கள்.

அஸ்கிரியவின் முதல் டெஸ்ட் 1983 ஏப்ரல் 22இல் தொடங்கியது. அவுஸ்திரேலியா 4 விக்கெட்டுக்கு 514 ஓட்டங்கள் எடுத்து இன்னிங்ஸை முடித்துக்கொண்டது. கெப்லர் வெசல்ஸ் 141. டேவிட் ஹூக்ஸ் ஆட்டமிழக்காமல் 143. இலங்கை இன்னிங்ஸ் மற்றும் 38 ஓட்டங்களால் தோற்றது. நகரத்துக்குத் தோல்வி பெரிய வருத்தமாகத் தெரியவில்லை. மலைமேல் ஒரு டெஸ்ட் நடந்ததே பெரிது. அந்த ஏப்ரலில் கட்டுகஸ்தோட்டைப் புனித அந்தோனியார் கல்லூரியின் விடுதி மாணவன் ஒருவனுக்கு 11 வயது நிறைந்து ஐந்து நாள் ஆகியிருந்தது. அவனுடைய பாட்டனார் 1920இல் தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவர். தந்தை கண்டிக்கு வெளியே பிஸ்கட் தொழிற்சாலை நடத்தியவர். 1977 வன்முறையில் தம் குடும்பம் தாக்கப்பட்டதை முத்தையா முரளிதரன் பின்னாளில் தாமே பொதுவெளியில் சொன்னார். அந்த முதல் டெஸ்ட் முடிந்து மூன்று மாதத்தில் கறுப்பு ஜூலை வந்தது. கண்டி நகரிலும் தமிழர் கடைகள் எரிந்தன. மைதானத்தில் கைதட்டிய கூட்டத்தையும் தெருவில் நின்ற கூட்டத்தையும் முற்றாக வேறு வேறு மனிதர்கள் என்று சொல்ல எந்த வரலாற்றாசிரியருக்கும் துணிவு வராது.

1996 உலகக் கிண்ணத்தின்போது நாடு எப்படி இருந்தது என்பதும் பதிவில் உள்ளது. ஜனவரி 31இல் கொழும்பில் மத்திய வங்கி குண்டுவைத்துத் தகர்க்கப்பட்டது. அவுஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் கொழும்பில் ஆட மறுத்துப் புள்ளிகளை இழந்தன. இந்தியாவும் பாகிஸ்தானும் கூட்டாக ஓர் அணியை அனுப்பிக் கொழும்பில் நட்புக்காக ஆடிக் காட்டின. அந்த இரு நாடுகளும் ஒரே அணியாக நின்ற அந்த நாளைப் பற்றித் தனி அத்தியாயமே எழுதலாம். மார்ச் 6ஆம் நாள் கென்யாவுக்கு எதிராக அஸ்கிரியவில் இலங்கை 5 விக்கெட்டுக்கு 398 ஓட்டங்கள் குவித்தது. அரவிந்த டி சில்வா 145. அந்த 398 ஒருநாள் கிரிக்கெட்டில் பத்தாண்டு நிலைத்த உலக சாதனை. பதினொரு நாள் கழித்து லாகூரில் கிண்ணம் வந்தது. உலகம் வர அஞ்சிய நாட்டில், அந்தச் சிறு மலைமைதானம் நிரம்பியது. மேட்டில் பப்பரே வாத்தியம் விடாமல் ஊதிக்கொண்டிருக்க, தட்டத்தில் கடலை விற்பவர் கூட்டத்தை வகுந்துகொண்டு ஏறி இறங்கும் காட்சி இந்நகருக்குப் பழகியது. பாடசாலைகளின் பெருஞ்சமர் நாட்களில் பிறந்த அதே ஆரவாரம்தான் உலகக் கிண்ணத்துக்கும் வந்தது. சர்வதேச ஆட்டம் உள்ளூர் வழக்கத்தைக் கடன் வாங்கியது என்பதே சரி.

1999 செப்டம்பரில் இதே இடத்தில் இலங்கை அவுஸ்திரேலியாவை முதன்முறையாக டெஸ்டில் வென்றது, 6 விக்கெட்டுகளால். அந்த ஆட்டத்தில் ஒரு பிடியெடுக்க எதிரெதிரே ஓடிவந்த ஸ்டீவ் வோவும் ஜேசன் கில்லெஸ்பியும் மோதி, ஒருவருக்கு மூக்கும் மற்றவருக்குக் காலும் உடைந்து, உலங்குவானூர்தியில் கொழும்புக்குக் கொண்டுபோகப்பட்டதுதான் பலருக்கு நினைவிருக்கும். அந்த வெற்றிக்குப் பின்னணியில் வேறொரு கணக்கு இருந்தது. 1995 டிசம்பர் 26இல் மெல்பர்னில் நடுவர் டெரல் ஹெயார், முரளிதரன் பந்தை எறிகிறார் என்று ஏழு முறை தவறான பந்தாக அறிவித்தார். 1999 ஜனவரியில் அடிலெய்டில் ரொஸ் எமர்சன் அதையே செய்தபோது அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க விரலை நீட்டி வாதாடி, அணியை மைதான எல்லைவரை அழைத்துப் போய்விட்டார். போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. ஒரு சிங்களத் தலைவர் ஒரு மலையகத் தமிழருக்காகத் தொடரையே பணயம் வைத்தார். தட்டிய கைகளுக்கு எந்தச் செலவும் இல்லை என்று சொல்கிறவர்களுக்கு, செலவு ஏற்றுக்கொண்ட இந்தச் செயலைக் காட்டலாம்.

இனி 2007. வாதத்தின் கடினமான இடம் இதுதான். நவம்பர் 28இல் நுகேகொடையில் குண்டு வெடித்துப் பொதுமக்கள் இறந்தார்கள். அதற்குப் பதிலாக டிசம்பர் முதல் வாரஇறுதியில் கொழும்பிலும் சுற்றுப்புறத்திலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட தமிழர் விடுதிகளிலிருந்தும் வீடுகளிலிருந்தும் பிடிக்கப்பட்டு, பலர் காலிக்கு அருகே பூசா முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். தேசிய அடையாள அட்டையைக் கையில் வைத்திருந்தும் போனார்கள். அதே டிசம்பர் 1ஆம் நாள் அஸ்கிரியவில் இங்கிலாந்துடன் டெஸ்ட் தொடங்கியது. 3ஆம் நாள், திங்கட்கிழமை, முரளிதரன் போல் கொலிங்வூட்டின் விக்கெட்டைச் சாய்த்து ஷேன் வோர்னின் 708 என்ற உலக சாதனையைக் கடந்தார். பந்து ஸ்டம்பைத் தட்டியதும் நகரமே பட்டாசு கொளுத்தியது. திரித்துவத்தில் படித்த குமார் சங்கக்கார அந்த ஆட்டத்தில் 92, 152 என்று ஆடினார். அந்தோனியாரின் முரளிதரன் பந்து வீசினார். இலங்கை 88 ஓட்டங்களால் வென்றது. அந்த மைதானத்தில் முரளிதரன் மொத்தம் எடுத்தவை 117 விக்கெட்டுகள். கைதும் சாதனையுமான இந்த இரண்டு செய்திகளும் அந்த வாரப் பத்திரிகைகளில் ஒன்றையடுத்து ஒன்று வந்தன.

இங்கே வரும் மறுப்பு கனமானது. ஒரு தமிழரை மேடையில் ஏற்றிவிட்டு ஆயிரம் தமிழரைச் சிறையேற்றுவதற்கு மைதானம் நல்ல திரை அல்லவா? முரளிதரனைக் காட்டியே ‘எங்கள் நாட்டில் பாகுபாடு இல்லை’ என்று வெளிநாடுகளில் சொன்னவர்கள் இருந்தார்கள்; அவருடைய அரசியல் கருத்துகள் தமிழர் பலரைக் காயப்படுத்தியதும் உண்மை. யாழ்ப்பாணத்தைப் பார்த்தால் இந்த மறுப்பு இன்னும் கூர்மையாகிறது. 1975 ஜூலை 27இல் கொலையுண்ட மேயர் அல்பிரட் துரையப்பாவின் பெயர் தாங்கிய உதைபந்தாட்ட அரங்கில் 1999இல் திருத்த வேலைக்காகத் தோண்டியபோது மனித எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. இந்திய உதவியோடு சீரமைத்து 2016 ஜூன் 18இல் அதைத் திறந்தபோது இந்தியப் பிரதமர் காணொளியில் தோன்றிப் பேசினார். யாழ்ப்பாணத்தவருக்கு மைதானம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது எதுவென்று கண்டியிலிருந்து சொல்வது எளிதல்ல. அஸ்கிரியவின் கைதட்டல் துரையப்பா அரங்கின் மண்ணுக்குப் பதில் ஆகாது. ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் திரை என்று சொல்வதற்கு ஒரு நிபந்தனை உண்டு: யாரோ அதை விரித்திருக்க வேண்டும். அஸ்கிரியவில் அரசு எதையும் விரிக்கவில்லை. ஓர் ஆங்கிலிக்கன் பாடசாலையின் நிலத்தில், ஒரு கத்தோலிக்கப் பாடசாலையின் பிள்ளை, கண்டியின் பாடசாலைப் பகைமைகளுக்குள் வளர்ந்து வந்த ஒருவன், தன் ஊரில் சாதனை செய்தான். பட்டாசு கொளுத்தியவர்களுக்கு அவன் ‘தமிழர் பிரதிநிதி’ அல்லன். ‘அந்தோனியார்ப் பிள்ளை’, ‘நம்மூர் முரளி’. அவனைப் பிரதிநிதியாக்கியது பின்னர் பேசிய அரசியல்வாதிகள். அந்த நாட்களின் இரண்டு செய்திகளும் ஒன்றையொன்று மறைக்கவில்லை, அம்பலப்படுத்துகின்றன. அயலவன் என்று அறிந்த ஒருவனை ஊர் எப்படி நடத்துகிறது, அட்டையில் பெயர் வாசித்து மட்டும் அறிந்தவர்களை அரசு எப்படி நடத்துகிறது என்ற தூரத்தை 1948 முதல் எத்தனையோ ஆணைக்குழு அறிக்கைகள் எழுதியிருக்கின்றன. அஸ்கிரிய அதைச் சில நாட்களிலேயே காட்டிவிட்டது. ஒரு மைதானத்திடம் இதற்குமேல் கேட்பது அநியாயம்.

இன்னொரு மறுப்பு வர்க்கம் சார்ந்தது: திரித்துவம் வசதி படைத்தோரின் பாடசாலை, தோட்டத்து லயத்துப் பிள்ளைக்கு அந்த வாயில் திறந்ததா? பெரும்பாலும் இல்லை. முரளிதரனே லயத்திலிருந்து வரவில்லை, தொழிலதிபரின் மகன். தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றதே 1970களில். சமதரையே இல்லாத தோட்டங்களில் பிள்ளைகள் தேயிலைத் தொழிற்சாலை முற்றத்தில் பந்து உதைத்தார்கள். ஆகவே அஸ்கிரியவின் தேசம் முழுத் தேசம் அல்ல. நகரத்துக்கு வந்து சேர முடிந்தவர்களின் தேசம். இந்தக் குறை என் வாதத்தைச் சுருக்குகிறது, உடைக்கவில்லை. அரசு கட்டிய அரங்குகள் இந்தக் குறையைத் தீர்த்திருந்தால் வாதம் உடைந்திருக்கும்.

மூன்றாவதாக, கண்டிக்காரர்கள் சிரித்துக்கொண்டே சொல்லும் மறுப்பு: கண்டியின் உயிர் கிரிக்கெட் அல்ல, ரக்பி! அதில் பாதி உண்மை இருக்கிறது. 1874இல் உருவான கண்டி விளையாட்டுக் கழகத்தின் நித்தவளை மைதானத்தில் மழைச்சேற்றில் நடக்கும் ஆட்டத்துக்கு வரும் கூட்டம், மலைநகரின் அசல் கூட்டம். 1945இல் றோயல் கல்லூரி அதிபர் பிராட்பி வழங்கிய கேடயத்துக்காகத் திரித்துவமும் றோயலும் கண்டியில் ஒன்று, கொழும்பில் ஒன்று என மோதும் நாட்களில் இந்நகரில் கல்யாண முகூர்த்தம்கூடத் தள்ளிவைக்கலாம். கிங்ஸ்வூட்டின் பாசில் மரிஜா கண்டி அணிக்கும் தேசிய அணிக்கும் தலைமை தாங்கியது, 1915இல் எரிந்த தெருவிலிருந்து பார்த்தால் சாதாரண செய்தி அல்ல. ஆனால் நித்தவளையின் புகழ் நாட்டின் எல்லையோடு நின்றுவிட்டது. வெளியுலகம் இலங்கையை அதில் பார்க்கவில்லை. தேசம் தன்னைத் தானே பார்ப்பதும், பிறர் தன்னைப் பார்ப்பதைப் பார்ப்பதும் சேர்ந்தே நடந்த இடம் அஸ்கிரிய. மற்றபடி, நித்தவளையும் அரசு கட்டாத மைதானமே. கண்டிக்காரரின் மறுப்பு என் பக்கம்தான் சேர்கிறது.

2009இல் நகரத்துக்கு வெளியே பல்லேகலையில் புதிய சர்வதேச மைதானம் எழுந்தது. 35,000 பேர் கொள்ளும், தாராளமான வாகனத் தரிப்பிடம், மின்விளக்கு, 2011 உலகக் கிண்ணம். மத்திய மாகாண சபை 2010 ஜூலையில் அதற்கு முரளிதரன் பெயரைச் சூட்ட முடிவுசெய்தது. முரளிதரன் காலியில் தம் 800ஆவது விக்கெட்டோடு விடைபெற்றதும் அதே மாதம்தான். ஆனால் ஆட்ட அட்டவணையிலும் வர்ணனையிலும் அது இன்றும் பல்லேகலைதான். மரக்கானாவில் மக்கள் தம் பழக்கத்தால் அரசின் பெயரை ஒதுக்கினார்கள். இங்கே அறிவித்தவர்களே அதைப் பயன்படுத்தவில்லை. ஒரு தமிழரின் பெயரைச் சுவரில் எழுதத் தயங்கினார்கள் என்று இதை வாசிப்பவர்கள் உண்டு. எனக்கு அதைவிட எளிய காரணம் தோன்றுகிறது: தீர்மானம் எடுத்தவர்களுக்கே அந்தப் பெயருக்கும் அந்த இடத்துக்கும் உறவு இல்லை என்பது தெரிந்திருந்தது. முரளிதரனின் பெயர் ஒட்ட வேண்டிய நிலம் வேறொரு மேட்டில் இருந்தது. அது அவருடைய பாடசாலையின் பரம எதிரிக்குச் சொந்தம்!

பல்லேகலைக்கு அநீதி செய்யக்கூடாது. 2015 ஜூலையில் அங்கே பாகிஸ்தான் 377 ஓட்ட இலக்கை எட்டிப் பிடித்தது, யூனிஸ் கான் ஆட்டமிழக்காமல் 171. நல்ல ஆடுகளம், நல்ல வசதி. மலைமைதானத்தின் ஒடுக்கப் பாதையில் இன்றைய தொலைக்காட்சி வாகனங்களும் பாதுகாப்பு வாகனங்களும் நுழையாது என்பதும் நியாயமான காரணம்தான். பழையதை வீணாக விரும்புகிறோம் என்ற குற்றச்சாட்டுக்கு அஞ்சி இதைச் சொல்லவில்லை. அம்பாந்தோட்டைச் சூரியவெவயில் பதவியிலிருந்த ஜனாதிபதியின் பெயரோடு அதே உலகக் கிண்ணத்துக்காக எழுப்பிய அரங்கம், ஆட்டம் இல்லாத நாட்களே மிகுதியாகக் கிடக்கிறது. பல்லேகலை அந்தக் கதிக்குப் போகவில்லை என்றால், காரணம் கண்டியின் பாடசாலைகளும் ரசிகர்களும் பக்கத்தில் இருப்பது. திரித்துவத்தின் ரக்பி மைதானமும் அங்கேதான் இருக்கிறது. ஒரு தலைமுறை பாடசாலைச் சமர்கள் அதன் புல்லில் நடந்தபிறகு அங்கும் ஏதேனும் முளைக்கலாம். அஸ்கிரியவுக்கு அது 1915 முதல் 1983 வரை, 68 ஆண்டு பிடித்தது.

(அடுத்த அத்தியாயம்: 1876இல் எழுந்து 2014இல் காலியான போகம்பறைச் சிறை.)